காந்திகிராமம்: ஊருக்காக எழுந்த கல்லூரி

செல்லூர்ப் பகுதியில் வாழும் நம் அங்கத்தினர்களுக்குக் கல்லூரி என்பது புதிய பொருள் அன்று. வைகையின் வடகரையில், நம் தெருக்களிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலேயே அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. 1881-ஆம் ஆண்டு பசுமலையில் தோன்றிய அக்கல்லூரி 1909-ஆம் ஆண்டு முதல் இப்போதுள்ள இடத்தில் நடந்து வருகிறது. அதற்கு அருகே பெண்களுக்கென லேடி டோக் கல்லூரி 1948-இல் எழுந்தது. ஆற்றுக்குத் தெற்கே தியாகராசர் கல்லூரி 1949-இல் தொடங்கியது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இக்கல்லூரிகளில் படித்திருக்கிறார்கள், படித்தும் வருகிறார்கள். அவற்றால் மதுரைக்கு விளைந்த நன்மை பெரிது.

ஆயினும் நம்மிடையே நெடுநாளாக ஒரு கேள்வி இருந்து வருகிறது. பிள்ளையைப் படிக்க வைத்தால் அவன் குழித்தறியில் இறங்குவானா? பட்டம் பெற்ற மகள் தோட்டத்துக் கணக்கை எழுதுவாளா? படிப்பு என்பது வீட்டை விட்டும், தொழிலை விட்டும், ஊரை விட்டும் வெளியேறும் வழி என்றே பலரும் எண்ணுகிறோம். அவ்வாறு வெளியேறுவதைக் குறை கூற முடியாது. தறியில் கூலி போதாதபோது வேறு வேலை தேடுவது இயல்பே. ஆனால் படித்தவர் எல்லோரும் வெளியேறிவிட்டால், தொழிலும் சங்கமும் யாருடைய அறிவைக் கொண்டு நிமிரும்? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய விஷயம்.

இதற்கு விடை காணும் முயற்சியாகவே உலகின் பல இடங்களில் ஒருவகைக் கல்விச் சாலைகள் தோன்றின. சுற்றுப்புறத்து மக்களின் தொழில், உடல்நலம், நிர்வாகம் ஆகியவற்றையே பாடமாகக் கொண்டு, அம்மக்களுக்காகவே நடத்தப்படும் கல்லூரி அது. அமெரிக்காவில் ஜோலியட் என்னும் ஊரில், ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி 1901-ஆம் ஆண்டு தோன்றிய இரண்டாண்டுக் கல்லூரியை இதன் முன்னோடியாகக் கூறுவர். நம் நாட்டில் இத்தகையவற்றைச் ‘சமுதாயக் கல்லூரி’ என்று அழைக்கிறோம். புதுச்சேரியில் 1995-லும், சென்னையில் 1996-லும் அப்பெயருடன் கல்லூரிகள் தொடங்கின. எனினும் அப்பெயர் இங்கு வழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, அதே பொருளைக் கொண்ட ஒரு ஸ்தாபனம் பழைய மதுரை மாவட்டத்தில் எழுந்துவிட்டது. அதுவும் ஒரு நெசவாளர் ஊரின் ஓரத்தில் எழுந்தது. அதுவே காந்திகிராமம். அதன் வரலாற்றையும், அது வளர்ந்த முறையையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

இடமும் சூழ்நிலையும்

மதுரையிலிருந்து புறப்படும் ரயில் வைகைப் பாலத்தைக் கடந்து, கூடல்நகர், சமயநல்லூர், சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைக்கானல் ரோடு ஆகிய நிலையங்களைத் தாண்டிச் சென்றால் அம்பாத்துரை வரும். அடுத்த பெரிய ஊர் திண்டுக்கல். அம்பாத்துரைக்கு அருகில், சிறுமலையின் அடிவாரத்தில் அமைந்தது காந்திகிராமம். மதுரையிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். 1985-ஆம் ஆண்டு திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது.

இதன் அண்டை ஊர் சின்னாளபட்டி. சின்னாளபட்டிச் சேலையை அறியாத நெசவாளர் நம்மிடையே இரார். சுங்குடியும் செயற்கைப் பட்டும் அவ்வூரின் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டு சென்றன. ஒருபுறம் தறியோசை, மறுபுறம் கிணற்றுப் பாசனத்தையும் மழையையும் நம்பிய மானாவாரி நிலங்கள், மலைமேல் வாழைத் தோட்டங்கள். நெசவாளரும் விவசாயியும் அருகருகே வாழும் பகுதி இது. ஆகவே இங்கு எழுந்த கல்லூரியின் கதை நம் இதழின் வாசகர்களுக்கு அயலானது அன்று.

தொடங்கியவர்கள்

காந்திகிராமத்தை நிறுவியவர்கள் டாக்டர் டி. எஸ். சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் டாக்டர் ஜி. ராமச்சந்திரனும் ஆவர். அம்மையார் மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மணம் முடிக்கப்பட்டு, இளமையிலேயே கணவரை இழந்தார். அந்நாளில் அத்தகைய பெண்களுக்கு வீட்டின் உள்ளறையே உலகம். அவரோ டில்லி சென்று லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936-இல் மருத்துவராகத் தேறினார். டில்லியில் சுசீலா நய்யாரின் நட்பும், அதன் வழியே காந்தியடிகளின் தொடர்பும் கிடைத்தன. ராமச்சந்திரன் நெய்யாற்றின்கரையைச் சேர்ந்தவர், சாந்திநிகேதனில் படித்தவர், காந்தியடிகளின் ஆசிரமத் தொண்டர். இருவரும் 1940-ஆம் ஆண்டு காந்தியடிகளின் ஆசியுடன் மணம் செய்துகொண்டனர்.

1944-இல் கஸ்தூரிபா அம்மையார் மறைந்தபின், கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் நலனுக்காக அவர் நினைவாக ஒரு தேசிய நிதி திரட்டப்பட்டது. அந்நிதியின் பணிகளைத் தமிழ்நாட்டில் நடத்தும் பொறுப்பு சௌந்தரம் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இப்பொறுப்பே காந்திகிராமத்துக்கு வித்தாயிற்று. நாடு விடுதலை பெற்ற இரண்டாம் மாதத்தில், 1947 அக்டோபர் 7-ஆம் தேதி, காந்திகிராமம் முறைப்படி தொடங்கப்பட்டது.

மருத்துவமனையிலிருந்து கல்லூரிக்கு

வழக்கமாக ஒரு கல்லூரி எவ்வாறு தொடங்குகிறது? முதலில் நிலம் வாங்குகிறார்கள், அடிக்கல் நாட்டுகிறார்கள், கட்டடம் எழுகிறது, அதன்பின் இன்னின்ன பாடங்கள் என்று அறிவிக்கிறார்கள், மாணவர் வருகிறார்கள். காந்திகிராமம் இந்த வரிசையைப் பின்பற்றவில்லை. முதலில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு தேவை. அத்தேவைக்காக ஒரு பணி தொடங்கியது. பணியைச் செய்ய ஆட்கள் வேண்டியிருந்தது. ஆட்களுக்குப் பயிற்சி வேண்டியிருந்தது. பயிற்சி வளர்ந்து வளர்ந்து கல்லூரியாயிற்று. கட்டடம் கடைசியாகத்தான் வந்தது.

சின்னாளபட்டியில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான ஒரு சிறு மருத்துவ நிலையமே முதற் பணி. பிரசவத்துக்கு வைத்தியர் இல்லாமல் கிராமத்துப் பெண்கள் உயிரிழந்த காலம் அது. அந்நிலையம் பின்னர் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. மருத்துவம் தொடங்கியதும், வீடு வீடாகச் சென்று சுகாதாரம் சொல்லவும் பிரசவம் பார்க்கவும் கிராமத்திலேயே வாழும் சேவகிகள் தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றும் நிலையம் எழுந்தது. ஆதரவற்ற குழந்தைகள் வந்து சேர்ந்தபோது அவர்களுக்கான இல்லம் எழுந்தது. குழந்தைகள் வளர்ந்தபோது பள்ளி வேண்டியிருந்தது. பள்ளி வந்ததும் அதற்கேற்ற ஆசிரியர்களைத் தயாரிக்கும் பயிற்சிப் பள்ளி வேண்டியிருந்தது. வேலையற்றோருக்குக் கதர், கிராமக் கைத்தொழில்கள் தொடங்கப்பட்டன.

இப்பள்ளிகளில் நடந்தது ஆதாரக் கல்வி. கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியே கணக்கையும் மொழியையும் விஞ்ஞானத்தையும் கற்பிக்க வேண்டும் என்று 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தியடிகள் எடுத்துரைத்த முறை இது. தறி வேலையில் பழகிய நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். ஒரு பாவுக்கு எத்தனை கழி நூல் வேண்டும், அச்சில் அங்குலத்துக்கு எத்தனை இழை, எத்தனை முழத்துக்கு என்ன கூலி என்பதை மனக்கணக்காகச் சொல்லும் நெசவாளி பள்ளிக்கூடக் கணக்கில் தேறாதவனாக இருக்கலாம். அக்கணக்கும் இக்கணக்கும் ஒன்றே என்று காட்டுவதுதான் ஆதாரக் கல்வியின் நோக்கம்.

கிராமியக் கல்லூரி பிறந்த விதம்

பள்ளி வரை வந்த கல்வி அதற்கு மேல் எங்கே செல்வது? கிராமத்துப் பள்ளியில் பத்தாண்டு கைத்தொழிலோடு படித்த இளைஞன், மேற்படிப்புக்கு நகரத்துக் கல்லூரிக்குச் சென்றதும் கற்றதெல்லாம் பயனற்றதாகிவிடும். இக்குறையை இந்திய சர்க்காரும் உணர்ந்திருந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் நடந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், கிராமியப் பல்கலைக்கழகங்கள் தேவை என்று சிபாரிசு செய்தது. பின்னர் 1954-இல் டாக்டர் கே. எல். ஸ்ரீமாலி தலைமையில் அமைந்த குழு இதை மேலும் ஆராய்ந்து, நாட்டில் ஏற்கெனவே நற்பணி செய்துவரும் சில ஸ்தாபனங்களைத் தேர்ந்து அவற்றில் கிராமிய உயர்கல்வி நிலையங்களைத் தொடங்கலாம் என்றது. அதன்படி 1956-இல் முதலில் பத்து நிலையங்கள் தொடங்கின. தமிழ்நாட்டில் இரண்டு: ஒன்று கோவையை அடுத்த ராமகிருஷ்ண வித்யாலயம், மற்றொன்று காந்திகிராமம்.

இந்நிலையங்களுக்கு வகுக்கப்பட்ட பாடத்திட்டத்தில் முதன்மையானது மூன்றாண்டு கிராம சேவை டிப்ளமா. அதனுடன் விவசாய விஞ்ஞானத்தில் இரண்டாண்டுப் படிப்பு, சிவில் மற்றும் கிராமிய இன்ஜினீரிங்கில் மூன்றாண்டு டிப்ளமா, சுகாதார இன்ஸ்பெக்டர் பயிற்சி ஆகியவையும் வகுக்கப்பட்டன. கூட்டுறவு, பஞ்சாயத்து நிர்வாகம், சமூக நலம் முதலியன கிராம சேவைப் படிப்பின் உறுப்புகள். புத்தகப் படிப்போடு உடலுழைப்பும், அருகிலுள்ள கிராமங்களில் தங்கிப் பணி செய்வதும் படிப்பின் பகுதியாகவே கருதப்பட்டன.

வெளிநாட்டு முன்மாதிரிகள்

இந்த எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. ராதாகிருஷ்ணன் கமிஷன் தன் யோசனைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது டென்மார்க் நாட்டின் மக்கள் கல்விச் சாலைகளை. குருண்ட்விக் என்னும் அறிஞரின் கருத்துகளைத் தழுவி, 1844-ஆம் ஆண்டு ராடிங் என்னும் ஊரில் முதல் சாலை தொடங்கியது. பரீட்சையும் பட்டமும் இல்லாமல், விவசாயிகளின் பிள்ளைகள் குளிர்காலத்தில் தங்கிப் படிப்பதற்கான இடங்களாக அச்சாலைகள் நாடெங்கும் பரவின. பிற்காலத்தில் டென்மார்க்கில் கூட்டுறவுப் பால் பண்ணைகள் தழைத்ததற்கு இச்சாலைகளில் பெற்ற பயிற்சியும் ஒரு காரணம் என்பர். 1882-இல் யேடிங் என்னும் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை எழுந்தது.

அதே 1844-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் இங்கிலாந்தின் ராச்டேலில் இருபத்தெட்டு உழைப்பாளிகள் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துக் கூட்டுறவுப் பண்டகசாலையைத் திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். கடையில் கிடைத்த லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினர் கல்விக்கு அவர்கள் ஒதுக்கினார்கள் என்பதை அறிந்தவர் குறைவு. கடையின் மாடியில் படிப்பகமும் நூல்நிலையமும் நடத்தினார்கள். ஒரே ஆண்டில் ஒரு நாட்டில் விவசாயிகள் கல்விச் சாலை கண்டார்கள். மற்றொரு நாட்டில் நெசவாளிகள் கூட்டுறவுக் கடை கண்டார்கள். கல்விச் சாலை கூட்டுறவில் சென்று முடிந்தது. கூட்டுறவுக் கடை கல்வியில் சென்று முடிந்தது. கூட்டுறவும் கல்வியும் ஒன்றையொன்று தேடும் இயல்புடையவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

வளாகம் விரிந்தது

1956-க்குப் பின் காந்திகிராமத்தின் வளர்ச்சி விரைவாயிற்று. சிறுமலை அடிவாரத்தில் வகுப்பறைகளும் விடுதிகளும் பண்ணையும் எழுந்தன. இன்று பல்கலைக்கழகத்தின் வளாகம் மட்டும் இருநூறு ஏக்கருக்கு மேல் பரந்திருக்கிறது. ஆனால் கட்டடக் கணக்கைக் காட்டிலும், எந்தத் தேவையிலிருந்து எந்தத் துறை எழுந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

சுகாதாரப் பணியை எடுத்துக்கொள்வோம். 1959-ஆம் ஆண்டு ஆத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களில், தாய் சேய் நலமும் குடும்ப நலமும் பற்றிய ஒரு முன்னோடித் திட்டம் காந்திகிராமத்தால் தொடங்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, ஊர்ப் பெரியவர்களையும் பெண்களையும் கலந்து பேசி, எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று ஆண்டுதோறும் குறித்துவைத்த திட்டம் அது. அதன் அனுபவம் பிற பகுதிகளுக்கும் வழிகாட்டியாக எடுத்துப் பேசப்பட்டது. அத்திட்டத்தின் பயனாகவே 1964-இல் கிராம சுகாதாரம், குடும்ப நலம் ஆகியவற்றுக்கான தனிப் பயிற்சி நிலையம் காந்திகிராமத்தில் ஏற்பட்டது. கிராமத்து வீட்டுத் திண்ணையில் கேட்ட கேள்வி ஒரு பெரிய நிலையமாக வளர்ந்தது இவ்வாறுதான்.

விவசாயத்திலும் அவ்வாறே. இன்று காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் நிலையம் ஒன்று நடந்து வருகிறது. திண்டுக்கல் மாவட்டத்து விவசாயிகள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்; நிலத்தில் நேரில் செய்துகாட்டும் முறையில் புதிய ரகங்களையும் பயிர்ப் பாதுகாப்பையும் அறிகிறார்கள். கூட்டுறவுக்கென்று தனித் துறையே இருக்கிறது. கிராம அபிவிருத்தி, பஞ்சாயத்து நிர்வாகம், கிராம சுகாதாரம் ஆகியவற்றுக்கும் துறைகள் உள்ளன. மாணவர்கள் ஆசிரியர்களுடன் கிராமங்களுக்குச் சென்று சில நாட்கள் தங்கி, அவ்வூர் நிலையை ஆராய்ந்து, ஊராருடன் சேர்ந்து பணி செய்யும் வழக்கம் அங்கு இன்றும் படிப்பின் பகுதியாக உள்ளது.

சௌந்தரம் அம்மையாரின் பொதுவாழ்வும் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றது. 1952-இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும், 1957-இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962-இல் திண்டுக்கல்லிலிருந்து பார்லிமெண்டு உறுப்பினராகி, மத்திய சர்க்காரில் கல்வித் துறைத் துணை மந்திரியாகப் பணிபுரிந்தார். அதே ஆண்டு பத்மபூஷண் விருது பெற்றார். 1984-இல் அவர் மறைந்தார். ராமச்சந்திரன் கதர், கிராமக் கைத்தொழில் கமிஷனின் தலைவராகவும் இருந்தவர், 1995-இல் காலமானார்.

பட்டமா, பணியா?

இவ்வரலாற்றில் ஒரு கடினமான கட்டமும் உண்டு. அதை மறைத்துவிட்டுப் புகழ் மட்டும் பாடுவது வாசகர்களுக்குப் பயன் தராது.

கிராமிய நிலையங்கள் கொடுத்தது டிப்ளமா. பல்கலைக்கழகப் பட்டம் அன்று. மத்திய சர்க்கார் அதைப் பட்டத்துக்குச் சமமாக வேலைக்கு ஏற்றபோதிலும், மேற்படிப்புக்கு ஏற்பதில் பல்கலைக்கழகங்கள் பல தயங்கின. வேலை கொடுப்போரும் பி. ஏ. என்ற இரண்டெழுத்தையே தேடினர். தகப்பன் வாய்க்குச் சிக்கனம் பிடித்துப் படிக்க வைக்கும் பிள்ளை, மூன்றாண்டு முடிந்தபின் ‘இது பட்டம் அல்ல’ என்ற சொல்லைக் கேட்க நேர்ந்தால், அந்தக் குடும்பத்தின் மனநிலை எவ்வாறிருக்கும்? மாணவர் தயங்கினர். நாட்டின் பல பகுதிகளில் இருந்த கிராமிய நிலையங்கள் பின்னாளில் வழக்கமான கல்லூரிகளாக மாறின. முதலில் கொண்ட நோக்கம் அங்கெல்லாம் மங்கிப் போயிற்று.

காந்திகிராமம் வேறு வழியை நாடியது. தன் பாடத்திட்டத்தைக் கைவிடாமல், தானே பட்டம் வழங்கும் உரிமையைக் கோரியது. 1976 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து கிடைத்தது. கிராமிய நிலையமாகத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த அங்கீகாரம் இது. அதன்பின் அங்குப் படித்தவரின் பட்டத்தை யாரும் குறைத்து மதிப்பிட இடமில்லாது போயிற்று.

ஆனால் அங்கீகாரத்துக்கும் ஒரு விலை உண்டு. பல்கலைக்கழகமானதும் பல்கலைக்கழகத்துக்குரிய விதிகள் வந்தன. ஆராய்ச்சிப் பட்டம், நியமனத் தகுதி, பரீட்சை முறை, மதிப்பீடு எல்லாம் நாடெங்கும் உள்ளபடியே அமைய வேண்டியதாயிற்று. கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி எனப் பிற பல்கலைக்கழகங்களில் உள்ள துறைகளும் ஏற்பட்டன. அங்குப் படிக்க வரும் மாணவர்களில் எல்லோருமே கிராமப் பணிக்கென்று வருகிறார்கள் என்று கூற முடியாது. நகரத்து வேலையை நாடுவோரும் உண்டு. அதில் வியப்பில்லை. முழுவதும் நகரத்தை நோக்கினால் கிராமியக் கல்லூரி என்ற பெயருக்குப் பொருளில்லை. முழுவதும் கிராமத்திலேயே நின்றால் படித்த பிள்ளைக்கு வெளியுலகில் மதிப்பில்லை. இரண்டையும் சமன் செய்வது தறியில் பாவின் விறைப்பைச் சரிபார்ப்பது போன்றது. விறைப்பு மிகுந்தால் இழை அறும்; தளர்ந்தால் நெசவு அமையாது. ஒருமுறை சரிசெய்து விட்டுவிடவும் முடியாது. நெய்ய நெய்யப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இக்காவலைக் கல்லூரியை நடத்துவோர் மட்டும் செய்துவிட இயலாது என்பது நம் கருத்து. எந்த மக்களுக்காக அது எழுந்ததோ, அம்மக்கள் அதை நாடிச் சென்று, தம் தேவைகளைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தால்தான் கல்லூரி ஊரை மறவாது. கேட்பாரில்லாத இடத்தில் எந்த ஸ்தாபனமும் தன் வசதிப்படியே வளரும்.

நம் சங்கங்களுக்கு என்ன?

ஆகவே இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சிலவற்றைக் கூறி முடிக்கிறோம்.

முதலாவது, நம் சங்கங்களின் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கில் அந்த வரியைப் பார்க்கிறோம், கை தூக்கி நிறைவேற்றுகிறோம், பின் மறந்துவிடுகிறோம். அது ராச்டேல் நெசவாளிகள் விட்டுச் சென்ற வழக்கத்தின் தொடர்ச்சி. அந்நிதியைக் கொண்டு நடைபெறும் பயிற்சிகள் எவை, அவற்றில் நம் சங்கத்திலிருந்து யார் கலந்துகொண்டார்கள் என்று மகாசபையில் கேட்பது அங்கத்தினரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

இரண்டாவது, நூல் கொள்முதல், இருப்புக் கணக்கு, கூலிப் பட்டுவாடா, ரிபேட், விற்பனை ஆகியவற்றில் தவறு நேர்ந்து நலிந்த சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம். பல இடங்களில் அதற்குக் காரணம் நேர்மைக் குறைவைவிடப் பயிற்சிக் குறைவே. கூட்டுறவை முறையாகப் படித்த ஒருவர் ஒரு சங்கத்தின் கணக்கை ஒரு மாதம் உடனிருந்து பார்த்தால், அடக்க விலை எங்கே தப்புகிறது, சரக்கு எங்கே தேங்குகிறது என்பதைக் காட்டிவிட முடியும். காந்திகிராமத்தில் கூட்டுறவுத் துறை மாணவர்கள் கள அனுபவம் தேடுகிறார்கள். நம் சங்கங்களுக்குக் களத்தைத் திறந்து காட்டும் மனம் வேண்டும். நிர்வாகக் குழுவினர் ஒரு கடிதம் எழுதி அழைப்பதில் செலவு ஏதுமில்லை. கணக்கைப் பிறர் பார்ப்பதில் கூச்சம் கொள்ளும் சங்கமே அவ்வுதவி மிகவும் தேவைப்படும் சங்கமாக இருக்கும்.

மூன்றாவது, விவசாய அங்கத்தினர்கள் தத்தம் மாவட்டத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தைத் தங்களுடையதாகக் கருத வேண்டும். கடைக்காரர் சொன்ன மருந்தைத் தெளித்துவிட்டு, பயிர் கருகியபின் விதியை நோவதில் பயனில்லை. மண்ணையும் இலையையும் எடுத்துச் சென்று காட்டி, கேட்டறிந்து செய்வதே முறை.

நான்காவது, நம் பிள்ளைகள். பள்ளி இறுதித் தேர்வில் வென்ற பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்று முடிவு செய்யும்போது, அயலார் பிள்ளை எதில் சேர்ந்தது என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். கூட்டுறவு, வேளாண்மை, கிராம சுகாதாரம், ஜவுளி ஆகியவற்றிலும் மதிப்புள்ள படிப்புகள் உண்டு என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். நெசவுத் தொழிலின் நுட்பத்தையே படிக்க விரும்பும் பிள்ளைக்குச் சேலத்தில் 1960-ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் நடந்து வருகிறது. தறி வீட்டுப் பிள்ளை அங்கே சென்று சாயமும் வடிவமும் இயந்திர நுட்பமும் கற்றுத் திரும்பினால், அது தொழிலை விட்டு வெளியேறுவது ஆகாது. தொழிலுக்குள் இன்னும் ஆழமாக நுழைவது ஆகும். திரும்பி வருபவருக்குத் தக்க இடத்தையும் ஊதியத்தையும் தர நம் சங்கங்கள் முன்வர வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். படித்த பிள்ளையை ‘ஊருக்கு உழை’ என்று உபதேசித்துவிட்டு, மாதக் கூலிக்கு அலையவிடுவது நியாயம் அன்று.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். படித்தவர் தறியில் இறங்குவாரா என்று கேட்டோம். அவர் தறியில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தறி நிற்காமல் ஓடுவதற்கு வேண்டிய நூலையும் கணக்கையும் சந்தையையும் சுகாதாரத்தையும் அவர் கவனித்துக்கொண்டால் போதும். அத்தகையவர்களை உருவாக்கும் நோக்கத்துடன், ஒரு பெண் மருத்துவர் நெசவாளர் ஊரில் ஒரு சிறு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார்; அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அவரிடம் அன்று இருந்தது பெரிய கட்டடம் அன்று; அண்டை வீட்டாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டறியும் வழக்கமே. அவ்வழக்கம் நம் ஒவ்வொரு சங்கத்தின் அலுவலகத்திலும் இருக்க முடியும்.

வசதியுள்ள அங்கத்தினர்கள் ஒரு விடுமுறை நாளில் தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அம்பாத்துரைக்குச் சென்று காந்திகிராமத்தை நேரில் பார்த்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். பார்த்து வந்தபின், நம் சங்கத்துக்கு அங்கிருந்து எந்த உதவி வேண்டும் என்பதை அடுத்த மகாசபையில் ஒரு தீர்மானமாகவே கொண்டுவந்தால் அதுவே சிறந்த தொடக்கமாகும்.